பெரிய எண்ணின் உள்ளமைப்பு

6,746,328,388,800 என்ற எண்ணை அதன் பருமனுக்காக வியப்பதில் பொருளில்லை. ஒன்றைக் கூட்டினால் அதைவிடப் பெரியது கிடைத்துவிடும். வியக்கவேண்டியது வேறு: அதற்கு 10,080 காரணிகள் உண்டு, அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை. கணிதமேதை இராமானுஜன் 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்ட, இத்தகைய எண்களின் பட்டியலில் கடைசி எண் இது. முதன்மை எண்களாக உடைத்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5உம் 7உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒரு முறை. எத்தனை முறை என்று சொல்லும் ஒவ்வொரு சுட்டியோடும் 1ஐக் கூட்டி, எல்லாவற்றையும் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2×2 = 10,080. வினாயகபுரத்தில் சாதாரண தரம் படிக்கும் பிள்ளை பென்சிலோடு உட்கார்ந்தால் சரிபார்த்துவிடலாம். நம் வகுப்பறைகளில் பெரிய எண் வாய்பாட்டுச் சுமையாக மட்டும் வருவது எனக்கு வருத்தம் தருகிறது.

அந்தப் பட்டியலில் பிழை உண்டே என்பார்கள். உண்மைதான், 293,318,625,600 விடுபட்டுப்போனது. ஆனால் அதை 23ஆல் பெருக்கிப் பாருங்கள், அந்தக் கடைசி எண்ணே வந்து நிற்கும்! மேதையின் கை தவறவிட்டதையும் எண்ணின் அமைப்பு காட்டிக்கொடுக்கிறது. இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்கட்டும். மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை. இரண்டும் இதே பட்டியலில் உள்ளவை. பாதி, மூன்றிலொன்று, கால், ஐந்திலொன்று, ஆறிலொன்று என எப்படிப் பிரித்தாலும் மீதி வராது.