விதை ஊராருக்கு, விளைச்சல் யாருக்கு?

தோழனே!

கீழ்வேளூரில் கூட்டம் முடிந்து மேடையிறங்கிய வேளை, உழவர் பெரியவர் ஒருவர் கேட்டார்: "தடுப்பூசிக்காகக் குரங்கைக் கூண்டில் அடைத்தார்களாமே, தம்பி, பாவமில்லையா?" பேசிப் பழகிய நாவும் தயங்கிற்று. அன்று சொல்லாததை இன்று உனக்கு எழுதுகிறேன்.

2020-ஆம் ஆண்டு. கொரோனாக் கொடுமை நாட்டைக் குலுக்கிய காலம். புனே தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தின் காப்புமிகு கூடத்தில், மராட்டிய வனத்துறையின் துணையோடு பிடிக்கப்பட்ட 20 ரீசஸ் குரங்குகள் அடைக்கப்பட்டன. ஐந்தைந்தாக நான்கு அணி. மூன்று அணிகளுக்கு மூவகைத் தடுப்பூசி. நான்காவதற்கு மருந்தில்லா ஊசி. பின்னர் அனைத்துக்கும் கிருமி ஏற்றினர். தடுப்பூசி பெற்றவற்றை நுரையீரல் அழற்சி அண்டவில்லை, பெறாதவற்றைப் பற்றியது. கோவாக்சின் பிறந்த கதை இது. உயிர்காக்கும் அந்த அறிவை நான் பழியேன்.

ஆனால் கேள்! கிருமியைப் பிரித்துக் கொடுத்தது அரசு நிறுவனம். கூடம் வரிப்பணத்தில் எழுந்தது. குரங்கோ நாட்டின் பொதுச்செல்வம். விதைநெல் ஊராருடையது, விளைச்சல் எங்கே போயிற்று?

2021 ஏப்ரல் 24. பாரத் பயோடெக் விலை கூறிற்று: டில்லிக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 600, தனியார் மருத்துவமனைக்கு 1,200! கண்டனம் எழுந்ததும், ஐந்தே நாளில் 600 என்பது 400 ஆயிற்று. ஐந்து நாளில் இருநூறு உதிருமென்றால், முதல்நாள் கணக்கு எந்த ஊர்க் கணக்கு?

"கம்பெனியும் முதல் போட்டதே, விற்பனையில் நூற்றுக்கு ஐந்து அரசு ஆராய்ச்சிக் கழகத்துக்கு உண்டே" என்பார்கள். முதல் போட்டதை மறுக்கவில்லை. ஆயின் விதையும் நிலமும் தந்தவனுக்கு நூற்றுக்கு ஐந்தா? காவிரிக்கரையில் எந்தக் குத்தகை இப்படி உண்டு?

அதே ஆண்டு மே திங்களில், பொதுப்பணத்தில் எழுந்த செங்கற்பட்டுத் தடுப்பூசி வளாகம் ஒரு குப்பி மருந்தும் தராமல் உறங்கிற்று. "எங்களிடம் விடுங்கள், நடத்துகிறோம்" என்றது தமிழ்நாடு. உச்சநீதிமன்றம் வினவிய பிறகே, ஜூன் 21 முதல் டில்லி தானே பெரும்பங்கை வாங்கி மாநிலங்களுக்கு விலையின்றி வழங்கலாயிற்று. கேட்டதால் கிடைத்தது, தோழனே, கருணையால் வந்ததன்று!

பெரியவருக்கு என் விடை இதுதான்: கூண்டு கொடிது. அதைப் பொறுத்துக்கொள்ளச் செய்வது, அதனால் எல்லாரும் பிழைப்பர் என்ற ஒரே உறுதி. அந்த உறுதியைக் கடைச்சரக்காக்கினால் பாவம் இரட்டிப்பு.

ஆகவே கேட்போம். எத்தனை விலங்கு, எங்கே பிடித்தது, இறுதியில் என்ன ஆயிற்று என ஊரறியக் கணக்குச் சொல்லுங்கள். பொதுப்பணத்தில் பிறந்த மருந்துக்கு டில்லிக்கொரு விலை, கீழ்வேளூருக்கொரு விலை வேண்டாம்.

அடுத்த கொள்ளைநோய் வருமுன் கேட்போம், வா!