செத்தவரை எண்ணக்கூடக் காசில்லையா?

ஒரு சின்னக் கேள்வி. இந்தியாவில் வருஷத்துக்கு எத்தனை பேர் பாம்பு கடித்துச் சாகிறார்கள்? மனசுக்குள் ஒரு எண் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிகளிலிருந்து அரசாங்கத்துக்குப் போன கணக்கு ரொம்ப காலம் சொன்ன விடை: ஆயிரத்துச் சொச்சம். 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. அது சொன்ன விடை: 2005-ம் வருஷத்தில் மட்டும் சுமார் 45,900 பேர். முப்பது மடங்குக்கும் மேல்! கூட்டல் கழித்தலில் நடந்த தப்பு இல்லை இது. கிட்டத்தட்ட 45 ஆயிரம் பிணங்கள் அரசாங்கத்தின் கண்ணிலேயே படவில்லை.

ஏன் படவில்லை? செத்தவர்களில் 97 சதவீதம் பேர் கிராமத்துக்காரர்கள். நாலில் மூன்று பேர் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் வீட்டிலோ வயலிலோ வழியிலோ செத்தவர்கள். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு எண்ணினால், ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பிணம்தானே கணக்கில் வரும்?

அந்த ஆய்வுக்காரர்கள் ராக்கெட் எதுவும் விடவில்லை. நாடு முழுக்க ஆறாயிரத்துச் சொச்சம் இடங்களைத் தேர்ந்தெடுத்து, இழவு விழுந்த வீடுகளுக்கு ஆள் அனுப்பி, 'எப்படிங்க இறந்தாரு?' என்று கேட்டார்கள். சொன்னதை எழுதி வந்து டாக்டர்களிடம் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியைக் கேட்க, சுதந்திரம் வாங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பாம்புக்கடியைக் குறைக்க ஒரு தேசியத் திட்டம் 2024 மார்ச்சில்தான் வந்தது. 2030-க்குள் சாவைப் பாதியாக்குவார்களாம். நல்ல விஷயம். ஆனால், 2011-க்கும் 2024-க்கும் நடுவே எத்தனை மழைக்காலம் போனது, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், 'மருத்துவ ஆராய்ச்சி' என்றதும் நம் எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டும் மைக்ராஸ்கோப்பும்தான் ஞாபகம் வருகிறது. காசும் அந்தப் பக்கமேதான் ஓடுகிறது. மருந்து ஏற்கெனவே இருக்கிறது. அது ஏன் கடிபட்ட ஆளின் உடம்பில் போய்ச் சேரவில்லை என்று கண்டுபிடிப்பதும் ஆராய்ச்சிதான். அதற்குப் பணம் கேட்டால், 'இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?' என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து நம் நாட்டிலேயே தயாராகிறது. அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு நம் மாமல்லபுரத்துப் பக்கம் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவு சங்கத்திலிருந்து போகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு பாம்புகளின் விஷம். ஆனால் ராஜஸ்தானிலும் வங்காளத்திலும் கடிப்பது இதே பாம்புகள்தானா? இதே விஷம்தானா? 2019-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்காரர்கள் சோதித்துப் பார்த்து, சில ஊர்ப் பாம்புகளிடம் இந்த மருந்து சரியாக எடுபடவில்லை என்றார்கள்.

மருந்து சரியாகவே இருந்தாலும் இன்னும் கேள்விகள் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி டாக்டர் இருக்கிறாரா? இருந்தால், ஊசி போட்டு ஒவ்வாமை வந்துவிடுமோ என்ற பயத்தில் 'பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க' என்று கை கழுவுகிறாரா? கடிபட்டவர் முதலில் மந்திரிக்கப் போவது மூடநம்பிக்கையாலா, அல்லது பஸ் இல்லாததாலா? காரணம் தெரியாமல் கோடி கோடியாகக் கொட்டிக் கட்டடம் கட்டினால் ரிப்பன் வெட்டலாம், உயிர் பிழைக்காது.

'அட போங்க சார், இருக்கிற காசுக்கு மருந்து வாங்காம ஆராய்ச்சியாம் ஆராய்ச்சி!' என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. நியாயமான கோபம். அதற்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது.

தாம்பரம் பக்கம் 'சானடோரியம்' என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறதே, ஏன் அந்தப் பெயர்? காசநோய் வந்தால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கப் போட வேண்டும் என்பதுதான் அந்தக் காலத்து வைத்தியம். நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைக்கு எங்கே போவது? 1956-ல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். ஒரு பாதி நோயாளிகளுக்கு சானடோரியத்தில் ஓய்வு, நல்ல சாப்பாடு, மருந்து. மறுபாதிக்கு நெரிசலான வீட்டிலேயே, அரைகுறைச் சாப்பாட்டோடு, அதே மருந்து. 1959-ல் முடிவு வந்தது: வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள்; வீட்டு மனிதர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வும் ஒரு முக்கியக் காரணம். மிச்சமான பணத்தை யோசித்துப் பாருங்கள். ஆராய்ச்சி செலவா, சேமிப்பா?

இன்னொன்று, மகாராஷ்டிராவின் கட்சிரோலி. அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி, 39 கிராமங்களில் ஓரளவு படித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பச்சிளம் குழந்தையைக் கவனிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். ஊசி போடவும் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 62 முதல் மாதத்திலேயே இறந்துகொண்டிருந்தன. மூன்றாவது வருஷம் அது 26-க்குக் கீழே வந்தது. பக்கத்துக் கிராமங்களில் 60-ஐ ஒட்டியே நின்றது. 1999-ல் இது வெளியானது. வீடு தேடிப் போய்க் குழந்தையைப் பார்க்கும் வேலையை நாடு முழுக்க 'ஆஷா' பெண்களிடம் ஒப்படைத்தது 2011-ல்.

ஏழை நாடுகள் சுகாதாரச் செலவில் குறைந்தது 2 சதவீதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்று 1990-லேயே ஒரு சர்வதேச ஆணையம் சொல்லிவிட்டது. நூறு ரூபாயில் இரண்டு ரூபாய். அதிலும் ஒரு பங்கைக் கிராமத்துக்கென்றே எழுதி வையுங்கள் என்கிறேன். எதை ஆராய வேண்டும் என்பதை டெல்லியில் ஏ.சி. அறையில் முடிவு செய்யாமல், சுகாதார நிலைய நர்ஸையும் ஊர்க்காரர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். கிடைத்த முடிவை அந்த ஊர்க்காரர்களிடமே முதலில் சொல்லுங்கள். அவர்கள் வெறும் மாதிரி எண்கள் அல்ல.

நீங்கள் நகரத்தில் கட்டிலில் தூங்குகிறவர். தரையில் படுத்திருப்பவரை ராத்திரி கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலிகூடத் தெரியாது. விடியும்போது கண் இமை திறக்காது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் எத்தனை ஆஸ்பத்திரி கட்டினீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஆள் ஏன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவில்லை என்று யாரையாவது அனுப்பிக் கேட்டீர்களா, அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கினீர்கள் என்று கேளுங்கள்.

தொகையைச் சொல்லாமல் அவர் சிரித்தால், விடை உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.