அட்டையை வாசிக்கத் தெரிந்த கைகள்

தமிழ்நாடு அரசு அருங்காட்சியகங்கள் துறை ஆணையர் அவர்களுக்கு,



எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு கட்டு அட்டை கிடக்கிறது. பழுப்பேறிப்போன அட்டைகள், நெடுக ஊசித் துளைகள். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் துளைகளின் வழியே ஒரு பூங்கொடி தெரியும். பாட்டி ரேந்தை பின்னிய காலத்தில் திண்டின்மேல் வைத்துக் குத்தியவை. அவள் பின்னியதில் ஒரு சாண்கூட வீட்டில் மிஞ்சவில்லை. பின்னியதெல்லாம் விற்கத்தானே!

குமரி மாவட்டத்துப் பழைய பேச்சில் லேஸ் என்றால் ரேந்தை. போர்த்துக்கீசியரின் ‘ரெண்டா’ நம் வாயில் அப்படி ஆயிற்று. இலங்கையில் காலியிலும் வெலிகமவிலும் சிங்களப் பெண்கள் பின்னுவதற்கு ‘பீரலு ரேந்த’ என்று பேர். பீரலு என்பது நூல் சுற்றும் மரக்குச்சி. அதுவும் போர்த்துக்கீசியச் சொல்தான். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல் ஒன்று. தொழில் வந்த வழிதான் வேறு.

நாகர்கோவிலில் இதைச் சொல்லிக்கொடுத்தவர் மார்த்தா மால்ட். 1819-இல் லண்டன் மிஷன் சார்பில் கணவர் சார்ல்ஸ் மால்ட்டுடன் வந்தவர். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, எழுத்தோடு ரேந்தையையும் கற்பித்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பள்ளியின் அடிமைப் பெண்கள் சிலர், ரேந்தை விற்ற காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். இன்னொன்றையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அதே ஊரில், அதே ஆண்டுகளில்தான் தோள்சீலைப் போராட்டமும் நடந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள அரசர் இணங்கியது 1859-இல். தன் தோளில் துணி போட்டால் தெருவில் கிழிக்கப்பட்ட காலத்தில், யாரோ ஒரு சீமாட்டியின் கழுத்துப்பட்டைக்கு ஒருத்தி ரேந்தை பின்னிக்கொண்டிருந்திருக்கிறாள். அருங்காட்சியகத்தில் வைக்க இதைவிடக் கனமான துணி எது என்று எனக்குத் தெரியவில்லை.

மால்ட் தம்பதியின் மகள் எலிசா நாகர்கோவிலில் பிறந்தவர். 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது ரேந்தையும் அவரோடு போயிற்று. கணவருக்கு மெரினாவில் சிலை இருக்கிறது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடு அரசு நினைவில்லம். அந்த வீட்டில் ஒரு ரேந்தைத் திண்டும் இருந்தால் எலிசாவும் அங்கே வாழ்ந்தார் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். (நினைவில்லங்கள் செய்தித்துறையின் கையில் என்பது தெரியும். ஒரு கடிதம் போட்டுப் பாருங்களேன்.) குமரிக்கு ரேந்தை வந்த வழி இன்னொன்றும் உண்டு. முளகுமூட்டுக்கு 1897-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரிலிருந்து வந்தவர் மரி லூயிஸ் தெ மேஸ்டர் என்ற கன்னியாஸ்திரி. அவருடைய கன்னியர் மடம் வழியாக அந்த ஊரும் ரேந்தைக்குப் பேர்பெற்றது.

இனி அட்டைக்கு வருகிறேன். திண்டு ரேந்தையில் கைக்கு இருப்பது இரண்டே அசைவு: நூலைக் குறுக்கே மாற்றுவது, முறுக்குவது. எந்த இடத்தில் எது, எத்தனை தடவை என்பதில்தான் தொழில் இருக்கிறது. குண்டூசி எங்கே நிற்க வேண்டும் என்பதை அட்டை சொல்லும்; இரண்டு ஊசிக்கு நடுவே நூல் எப்படிப் போக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. அது பின்னுகிறவளின் விரலில் இருந்தது. என் பாட்டியோடு அதுவும் போய்விட்டது. துணியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் பாதுகாத்தாயிற்று என்று நாம் நினைப்பது ரேந்தை விஷயத்தில் பாதி வேலைதான்.

மீதிப் பாதியை ஒரு நாடு தனியாகச் செய்ய முடியாது. அட்டை ஓரிடம், கை ஓரிடம், காகிதம் ஓரிடம் என்று கிடக்கிறது. லண்டன் மிஷனின் ஆவணங்கள் லண்டன் சோயாஸ் நூலகத்தில் உள்ளன. இங்கிலாந்தின் ஹானிட்டனில் ஆல்ஹாலோஸ் என்று ரேந்தைக்கே பேர்போன அருங்காட்சியகம் உண்டு. 1840-இல் விக்டோரியா மகாராணியின் திருமண ஆடைக்கு ரேந்தை பின்னியவர்கள் அந்த வட்டாரத்துப் பெண்கள்தான். பெல்ஜியத்தின் புருஜ் நகரத்து ரேந்தை மையத்தில் அருங்காட்சியகமும் பயிற்சிக்கூடமும் ஒரே கூரையின் கீழ். காலிக் கோட்டைக்குள் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தில் பீரலுவைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பிரான்சின் அலான்சோனில் ஊசி ரேந்தை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 மணி நேரம் பிடிக்கும். முழுதாகக் கற்க 7 முதல் 10 ஆண்டு. 2010-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது அந்தக் கைத்திறனை. அது உண்டாக்கிய துணியை அல்ல.

நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. நாகர்கோவில், இடையன்குடி, முளகுமூடு பகுதி வீடுகளில் உள்ள அட்டைகளை முதலில் படமெடுங்கள். அட்டை வீட்டுக்காரர்களிடமே இருக்கட்டும். அந்தப் படங்களை ஹானிட்டனுக்கும் புருஜுக்கும் காலிக்கும் அனுப்பி, அங்கே பின்னுகிறவர்களை வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் பின்னிப் பார்ப்பதைக் காணொளியாக வாங்குங்கள். குமரியில் இன்னும் பின்னத் தெரிந்த அக்காமார் அதைப் பார்த்து, “இப்படியில்லை, நாங்க இந்த இடத்தில ரெண்டு முறுக்கு போடுவோம்” என்று திருத்தினால் அதுவே நம் ரேந்தையின் அடையாளம். அதையும் பதிவு செய்யுங்கள், திருத்தியவரின் பேரோடு. ரேந்தையில் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை.

காலியோடு தொடங்கலாம் என்பது என் எண்ணம். அது கிட்டத்தில் இருக்கிறது, சொல்லும் ஒன்றாக இருக்கிறது. லண்டனைப்போல இதில் எஜமான் வீட்டுக்குப் போய்க் கேட்கிற கூச்சமும் இல்லை.

எங்கள் வீட்டு அட்டைகள் மொத்தம் 23. மூன்றை எலி கடித்திருக்கிறது. எந்த நாள் கொண்டு வரட்டும் என்று சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ரேந்தைக்காரியின் பேத்தி,
நாகர்கோவில்