நாள் தவறுவதும் நமது கடமையும்

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறக்க வேண்டிய தண்ணீர் பத்து நாள் தாமதித்தால், அணையின் நீர்மட்டம் என்ன, குடகில் மழை எப்படி என்று காரணங்களை ஒவ்வொன்றாக விசாரித்தறிகிற தஞ்சைத் தரணிக் குடும்பங்கள், வீட்டுப் பெண்ணுக்கு மாதவிலக்கு பத்து நாள் தாமதித்தால் மட்டும், மணமானவளாயின் கர்ப்பமென்றும் மணமாகாதவளாயின் களங்கமென்றும் க்ஷணத்தில் தீர்ப்பளித்துவிடுவது நியாயமன்று.

கர்ப்பமே முதலில் சோதித்தறிய வேண்டிய காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அது ஒன்றே காரணமன்று. வயதுவந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாளுக்கு ஒருமுறை விலக்காவது இயல்பு. பூப்பெய்திய முதலிரண்டு ஆண்டுகளில் 45 நாள்வரை தள்ளிப்போவதும் உண்டு. சினைமுட்டை வெளிப்பட்டபின் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் உதிரம் காண்பது பெரிதும் மாறாத நியதியாகையால், தாமதமெல்லாம் பெரும்பாலும் முட்டை வெளிப்படுவதில் நேர்ந்த தாமதமே. அதற்கான கட்டளை மூளையிலிருந்து வருவதால், சரீரத்தின் களைப்பும் மனத்தின் வியாகுலமும் அக்கட்டளையைத் தடுக்க வல்லவை.

விடியுமுன் பழையதைக் குடித்துவிட்டு வயலில் இறங்கி, முழங்கால் சேற்றில் குனிந்தபடியே நண்பகல்வரை நாற்று ஊன்றி, ஒதுங்க இடமில்லையே என்று தாகத்தையும் அடக்கிக்கொண்டு, வீடு திரும்பியும் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்கிற நடவாளுக்கும், பொதுத்தேர்வின் பயத்தில் உறக்கமிழந்த மாணவிக்கும், 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது போன்ற பேரிடரில் வாழ்வாதாரம் இழந்த தாய்க்கும் நாள் தவறினால் அதில் வியப்பில்லை. பாலூட்டும் காலத்திலும், நாற்பதைக் கடந்து விலக்கு நிற்கப்போகும் பருவத்திலும் தவறுவது இயற்கை. தைராய்டுக் கோளாறும், சினைப்பை நீர்க்கட்டி என்று வழங்கும் ஹார்மோன் கோளாறும், உடலெடை திடீரென ஏறுவதும் இறங்குவதும் மற்றக் காரணங்கள். இவற்றுள் பலவற்றை ஓர் இரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் வெளிப்படுத்திவிடும்.

ஆனால் நடப்பது என்ன? எள்ளும் வெல்லமும் இடித்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பப்பாளி தின்னச் சொல்கிறார்கள். அதிலும் பலனில்லையென்றால், கடைத்தெரு மருந்துக்கடையில் ஆண்கள் விலகும்வரை ஒதுங்கி நின்று, தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொல்லி, பட்டையிலிருந்து கத்தரித்துத் தாளில் மடித்துத் தரப்படும் பெயர் தெரியாத மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறார்கள். பால்குடத்துக்கும் கலியாணத்துக்கும் விலக்கைத் தள்ளிவைக்க விழுங்கும் மாத்திரையும் இவ்விதமே வாங்கப்படுகிறது. முன்பு இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து அடைப்பு ஏற்பட்டவர்களுக்கு அது ஆபத்தானது என்று அங்கே கேட்பாருமில்லை, சொல்வாருமில்லை. கருக்குழாயில் கரு தங்கியிருப்பதை அறியாமல் கலைப்பு மாத்திரை விழுங்கினால் உயிரே போகலாம். நாள் தவறியபின் அடிவயிற்றில் கடும் வலியோ மயக்கமோ வந்தால் ஒரு நிமிஷமும் வீட்டில் காத்திருத்தலாகாது.

எனவே செய்யத்தக்கவை சில உண்டு. வீடுதோறும் வரும் கிராம சுகாதாரச் செவிலியர், மணமான பெண்களிடம் மட்டுமன்றிக் கன்னிப்பெண்களிடமும் விதவைகளிடமும் நாள் தவறியதுண்டா என்ற கேள்வியைத் தனிமையில், பரிவோடு கேட்கவேண்டும். சிறுநீர்ச் சோதனைப் பட்டை யார் கேட்டாலும், 'கலியாணமாகிவிட்டதா?' என்ற விசாரணையின்றிக் கிடைக்கவேண்டும். சீட்டில்லாமல் ஹார்மோன் மாத்திரை விற்பதை அதிகாரிகள் தடுக்கவேண்டும். தாய்மாரும் மகளிடம் முதலில் கேட்கவேண்டியது, "சாப்பிட்டாயா, தூங்கினாயா, உடம்புக்கு என்ன?" என்பதே.

பால் கணக்கும் நடவாள் கூலியும் எழுதிவைக்கிற வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு பெண்ணும் தன் விலக்கு நாளைக் குறித்துவரட்டும். ஒரு வாரம் தவறினால் காலைச் சிறுநீரைச் சோதித்துப் பார்க்கட்டும். கர்ப்பமில்லையென்று காட்டியும் விலக்காகாவிடில் மறுவாரம் மீண்டும் சோதிக்கட்டும். மூன்று மாதம் விலக்கே இல்லையெனில், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தஞ்சை இராசா மிராசுதார் மருத்துவமனைக்கோ கூச்சமின்றிச் செல்லட்டும். கணவனும் தகப்பனும் அதற்குத் துணை நிற்கட்டும். காரணத்தைக் கண்டறியுமுன் எவரும் எந்தப் பெண்ணையும் சந்தேகிக்க வேண்டாம்.