பொத்தானைக் கற்பித்தால் போதுமா? பழுகாமத்திலிருந்து ஒரு பார்வை

டிஜிட்டல் பொருளாதாரம் என்ற சொல் இப்போது அரசாங்க மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. அரச கொடுப்பனவுகளை இணையத்தில் செலுத்தும் கவ்பே 2025 பெப்ரவரியில் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையச் சேவை தொடங்கியது. வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்யலாம், அதற்குக் கிராமத்து இளைஞர்களைத் தயார்ப்படுத்த வேண்டும் என்ற பேச்சும் கூடவே வருகிறது. இந்தப் பேச்சு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக்கு வரும்போது என்னவாகிறது?

போரதீவுப்பற்றுப் பிரதேசத்திலுள்ள பழுகாமத்துக்கு, களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து போக வேண்டும். சில மாதங்களாக அங்கு வார இறுதிகளில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அடுத்தது என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும் 12 இளைஞர், யுவதிகளுக்குக் கூட்டாக வேலை செய்வதற்கான மென்பொருள்களைச் சொல்லிக்கொடுக்கிறேன். கூகுளின் பகிர்ந்த ஆவணம், மைக்ரோசொப்ட் டீம்ஸ், பொது நாட்காட்டி, வேலைப் பட்டியல் போன்றவை. நான் கணினி ஆசிரியரல்ல. ஊடகக் கற்கைகள் படித்த சுயாதீன ஊடகவியலாளன். ஆனால் என் பிழைப்பு இவற்றில்தான் நடக்கிறது. நான் இங்கிருந்து எழுத, வேறொரு ஊரிலிருக்கும் ஆசிரியர் அதே பக்கத்தில் திருத்துகிறார்.

இந்தப் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. எல்லோரிடமும் கைபேசி இருக்கிறது, வட்ஸ்அப் இருக்கிறது. நாட்டின் கணினி எழுத்தறிவு 2021இல் 34 சதவீதமளவில் இருந்ததாகத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கணித்தது. அந்தக் கணிப்பின் வரைவிலக்கணத்தைக் கவனியுங்கள். 5 வயதுப் பிள்ளை யாருடைய உதவியுமின்றிக் கணினியில் ஒரு விளையாட்டை விளையாடினாலே அது கணினி எழுத்தறிவு. விளையாடத் தெரிவதற்கும், நால்வர் சேர்ந்து ஓர் அறிக்கையை எழுதி முடிப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை எந்தப் புள்ளிவிபரமும் அளப்பதில்லை.

அந்தத் தூரத்தை முதல் வாரத்திலேயே கண்டேன். யானைத் தொல்லை பற்றிப் பிரதேச செயலகத்துக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதுவது என்று முடிவெடுத்தோம். இந்தப் பக்கத்து மக்கள் அன்றாடம் அனுபவிக்கும் பிரச்சினை அது. எல்லோரையும் ஒரே ஆவணத்தில் சேர்த்துவிட்டேன். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அடுத்தவர் எழுதிய வரியில் ஒருவரும் கைவைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அவள் எழுதினதில நான் எப்படி சேர் கை வைக்கிறது?" என்றார் ஒருவர்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 13 ஆண்டுப் பள்ளிப்படிப்பு அவருக்குச் சொன்னது அதைத்தான். அடுத்தவரின் தாளைப் பார்க்காதே, உன் விடையைக் காட்டாதே. புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை எல்லாம் தனி ஆளின் போட்டி. கூட்டுப்பணி மென்பொருளோ இதற்கு நேரெதிரான பழக்கத்தைக் கேட்கிறது. அரைகுறையாக எழுதியதை மற்றவர் பார்க்கவிட வேண்டும், மற்றவரின் வரியைத் திருத்த வேண்டும், நம் வரி திருத்தப்பட்டால் கோபிக்காமல் இருக்க வேண்டும். ஆவணத்தின் பழைய வடிவங்கள் அழியாமல் சேமிக்கப்படுவதையும், யார் எதை மாற்றினார் என்று பார்க்க முடிவதையும் மடிக்கணினியில் காட்டினேன். எதுவும் தொலையாது என்று தெரிந்த பிறகுதான் கைகள் துணிந்தன.

அடுத்த தடை எழுத்து. நம் அலுவலகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துரு புழங்குகிறது. பாமினியில் தட்டெழுதிய கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். யுனிகோட் இல்லாமல் தமிழில் கூட்டாக எழுதுவது நடக்காத காரியம்.

மூன்றாவது விடயம், வகுப்பு இல்லாத நாட்களில் மாணவருடன் தொடர்பில் இருப்பது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாடு முழுவதும் இதற்குக் கண்ட வழி வட்ஸ்அப் குழு. பல்கலைக்கழக மாணவர்களுக்கு லேர்ன் வலையமைப்பு வழியாக சூம் வகுப்புகள் இலவச டேட்டாவில் கிடைத்தன. பாடசாலைப் பிள்ளைகளின் வகுப்புகள் பெரும்பாலும் குடும்பத்தின் காசிலும் ஆசிரியரின் காசிலும் நடந்தன. பதுளை மாவட்டத்தின் போஹிதியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுவழியே பாறையேறிய செய்தி உலகம் முழுவதும் போனது. 2021 ஜூலை 12இல் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. சம்பள முரண்பாடே முதன்மைக் கோரிக்கை. அந்தப் போராட்டம் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. பிறகு எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன.

அந்தக் காலம் போய்விட்டது, வட்ஸ்அப் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. அதில் இரண்டு கோளாறுகள். ஒன்று, திங்கள் அனுப்பிய பாடம் புதன்கிழமை வாழ்த்துப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். மற்றது, குழுவில் சேரும் ஒவ்வொரு பெண் பிள்ளையின் தொலைபேசி இலக்கமும் அங்குள்ள அத்தனை பேருக்கும் தெரியும். மகளைக் குழுவில் சேர்க்கத் தயங்கும் பெற்றோரைப் பிற்போக்கானவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. கணக்கு வழியாக நுழையும் வகுப்பறையில் இலக்கம் வெளியே போகாது. ஆசிரியருக்கும் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி அலறாது.

எங்கள் வகுப்பில் அறுவடை நாட்களில் இருவர் வரவில்லை. ஆனால் இரவில் ஆவணத்தின் ஓரத்தில் அவர்களின் கருத்துகள் இருந்தன, கடிதம் நகர்ந்தது. இன்னொருவரின் பெயர் இரண்டு வாரமாக எங்கும் தெரியவில்லை. அழைத்துக் கேட்டபோது, "டேட்டா முடிஞ்சுது சேர், இப்ப மேசன் வேலைக்குப் போறன்" என்றார். யார் மௌனமானார் என்பதைத்தான் மென்பொருள் காட்டும். ஏன் என்பதை ஆசிரியர் கேட்டுத்தான் அறிய வேண்டும். அந்தக் கேள்வி கேட்கப்படாத இடத்தில் 'இடைவிலகல்' என்று பிறகு ஓர் எண் பதிவாகிறது.

இதெல்லாம் அமெரிக்க நிறுவனங்களின் பொருளை இலவசமாக விளம்பரம் செய்வதில்லையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பொத்தான்களை மட்டும் கற்பித்தால் அப்படித்தான் ஆகும். ஒரு காலத்தில் எல்லோரும் பாவித்த ஸ்கைப் 2025 மே 5இல் மூடப்பட்டது. அதன் பொத்தான்களை மனப்பாடம் செய்தவருக்கு இன்று பயனில்லை. கூட்டத்துக்கு முன் குறிப்பு அனுப்பவும், பொறுப்பைப் பெயரோடு பிரிக்கவும், முடியாததை முன்கூட்டியே சொல்லவும் பழகியவர் அடுத்த மென்பொருளையும் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்.

ஆகவே, கல்விச் சீர்திருத்தம் பற்றிப் பேசும் அரசு சில சிறிய விடயங்களைச் செய்யலாம். தரம் 12 மாணவர்கள் எழுதும் பொதுத் தகவல் தொழில்நுட்பப் பரீட்சையோடு, நால்வர் சேர்ந்து செய்யும் ஒரு செயற்திட்டத்துக்கும் புள்ளி கொடுக்கலாம். ஒவ்வொரு மாணவருக்கும் பாடசாலைக் கணக்கு ஒன்றை வழங்கி, பாடசாலையை விட்ட பிறகும் இரண்டு ஆண்டுகள் அதை மூடாமல் வைக்கலாம். பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதி, வேலை என்று பிள்ளைகள் தொடர்பறுந்து போவது அந்தக் காலத்தில்தான். கற்பித்தலுக்கு ஆசிரியர் செலவிடும் டேட்டாவுக்குப் பணம் கொடுக்க வேண்டும். அரச அலுவலகங்கள் பாமினியை விட்டு யுனிகோடுக்கு வர வேண்டும். இவற்றில் எதற்கும் செய்மதி தேவையில்லை.

யானைத் தொல்லைக் கடிதம் ஆறாவது வாரத்தில் முடிந்தது. முதல் வரைவில் நான்கு பந்திகளும் நான்கு பேர் பேசுவதுபோல் இருந்தன. கடைசி வடிவத்தில் எந்த வரி யாருடையது என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை. கீழே 12 பெயர்களும் இருக்கின்றன.