குமரகுருபரரும் பதினெட்டாம் மாதமும்

என் மகனுக்குப் பதினெட்டு மாதம் முடிந்த அன்று காலை ஏழு மணிக்குப் போனில் ஒரு அறிவிப்பு வந்தது. உங்கள் குழந்தை இப்போது பத்துச் சொற்களாவது பேசும் என்று. ஆச்சரியக்குறி, கூடவே ஒரு பலூன் படம். செங்கோட்டையில் அது சாரல் மாதம். மூன்று நாளாகத் துவைத்த துணி எதுவும் காயவில்லை. வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, ஈர டவுசர்களுக்குக் கீழே குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தேன். ஒன்பதரைக்கு பெங்களூர் டீமோடு மீட்டிங். மகன் தரையில் உட்கார்ந்து இட்லித் தட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். பத்துச் சொல் இல்லை. ஒரு சொல்கூட இல்லை.

வீட்டில் சொன்னேன். அத்தை அசரவே இல்லை. "ஏளா, குமரகுருபரரு அஞ்சு வயசு வரைக்கும் வாயே தொறக்கல. திருச்செந்தூர்ல கொண்டுபோய்ப் போட்டாங்க, கந்தர் கலிவெண்பாவே பாடிட்டாரு. ஒம்மவன் பேசுவான், போ." குமரகுருபரர் ஸ்ரீவைகுண்டத்துக்காரர். பேச்சு தாமதமான பிள்ளையைப் பெற்ற எல்லாப் பெண்களுக்கும் எங்கள் பக்கத்தில் முதல் மருந்தாக அவரைத்தான் கொடுப்பார்கள்.

மதினிக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. போன். எதிர்வீட்டு ஆச்சிக்கு மொழி. "வீட்ல தமிழு, வேலைக்கு வாறவ மலையாளம், நீ கம்ப்யூட்டர்ல இங்கிலீசு. பிள்ள எதத்தான் பிடிப்பான்?" 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் இது. இன்றைக்கும் புனலூர் பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் காது மாறும். இரண்டு மொழி கேட்டால் பிள்ளை ஊமையாகும் என்றால் செங்கோட்டையில் மூன்று தலைமுறைக்கு ஒருத்தரும் பேசியிருக்க முடியாது. பக்கத்து ஊரில் ஒரு குழந்தை மருத்துவரைப் பார்த்தோம். அவர் பிள்ளையைப் பார்த்ததைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார். "வேலைக்குப் போற அம்மாக்களோட பிள்ளைங்க இப்படித்தாம்மா. நீங்க நெறையப் பேசணும்." பக்கத்து நாற்காலியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். அவரும் வேலைக்குப் போகிறவர்தான். அவரிடம் பேசச் சொல்லவில்லை.

இத்தனை பேர் சொன்னதும் இரண்டே வகை. ஒன்று, பிரச்சினையே இல்லை. அல்லது பிரச்சினை நான். பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று ஒருவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கொல்லம் ரயில் ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்ப்பான். அது போதும் என்று இருந்துவிட்டேன்.

நான் பிழைப்பது சர்வர்களுக்கு அலாரம் வைத்து. எந்த அளவைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் அந்த வேலையில் பாதி. தவறான இடத்தில் கோடு போட்டால் ராத்திரியெல்லாம் மணி அடிக்கும். நாலாம் நாள் யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள். குழந்தை வளர்ச்சிப் பட்டியல்களில் இதே தப்பு பல ஆண்டு நடந்தது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட பட்டியலில், ஒரு வயதுக்கு எதிரே எழுதியிருந்தவை பெரும்பாலும் அந்த வயதில் பாதிக் குழந்தைகள் செய்பவை. மீதிப் பாதி? அவர்களின் பெற்றோர் பயந்தார்கள், மருத்துவர்கள் "கொஞ்சம் பொறுங்க" என்றார்கள். உண்மையிலேயே உதவி தேவைப்பட்ட பிள்ளையும் அந்தப் பொறுமைக்குள் மாட்டிக்கொண்டது. 2022-ல் அதைத் திருத்தினார்கள். முக்கால்வாசிக் குழந்தைகளாவது செய்துவிட்டிருப்பவை மட்டும் பட்டியலில் நின்றன. தவழ்தல் வெளியே போனது. பதினெட்டாம் மாதத்துக்கு அவர்கள் எழுதியிருப்பது, அம்மா அப்பா தவிர மூன்று சொல்லாவது சொல்ல முயல்வது. என் போன் கேட்டது பத்து. அதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று அந்தச் செயலியில் எங்குமே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியிட்ட கணக்கும் இருக்கிறது. துணையில்லாமல் நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்போது வந்தாலும் இயல்பு. ஒன்பது மாத அகலமுள்ள ஜன்னல்! அந்தக் குழந்தைகளில் சுமார் 4 சதவீதம் பேர் தவழவே இல்லாமல் நேராக நடந்துவிட்டார்கள். "எங்க வீட்டுப் பிள்ள பத்து மாசத்துல நடந்துட்டான்" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்கிறவர்களிடம் இதை அச்சடித்துக் கொடுக்கலாம். வாங்க மாட்டார்கள்.

எனக்கு உதவியது இதெல்லாம் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தின் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவாக்கி 1991-ல் வெளியிட்ட ஒரே ஒரு தாள். திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டவணை என்று பெயர். பிறப்பு முதல் இரண்டு வயது வரை 17 செயல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படுக்கைக் கோடு. கோட்டின் இடது முனை 100-ல் 3 குழந்தைகள் அதைச் செய்துவிடும் வயது, வலது முனை 97 குழந்தைகள் செய்துவிடும் வயது. பிள்ளையின் வயதில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முழுசாக முடிந்துபோன கோடு எதையாவது பிள்ளை இன்னும் செய்யவில்லை என்றால் அனுப்பிப் பரிசோதிக்க வேண்டும். அவ்வளவுதான். பட்டப்படிப்பு வேண்டாம், செயலி வேண்டாம். அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் சில நிமிடங்களில் செய்து முடிக்கட்டும் என்று வடிவமைத்தது. நான் பார்த்த நல்ல யூசர் இன்டர்ஃபேஸ்களில் ஒன்று என்று கூசாமல் சொல்வேன்.

பென்சிலை வைத்தேன். பேச்சுக் கோட்டையே வெறித்துக்கொண்டிருந்த என் கண், அதற்கு வெகுதூரம் இடப்பக்கம் இருந்த இன்னொரு கோட்டில் போய் நின்றது. மணியோசைக்கோ கிலுகிலுப்பைக்கோ தலையைத் திருப்புவது. எப்போதோ முடிந்துபோன கோடு. அவன் திரும்புகிறானா? ரயிலுக்குத் திரும்புவான். கிலுகிலுப்பைக்கு?

மறுநாள் எடை பார்க்க அங்கன்வாடிக்குப் போனபோது டீச்சரிடம் சொன்னேன். அவர் தாள் எதையும் கேட்கவில்லை. பிள்ளைக்கு முன்னால் ஒரு பொம்மையை வைத்துவிட்டு, பின்னால் போய் நின்று பீரோச் சாவிக்கொத்தை மெல்ல ஆட்டினார். திரும்பவில்லை. இன்னொரு முறை, அப்போதும் இல்லை. டம்ளரைத் தரையில் போட்டார். சட்டென்று திரும்பினான். "யக்கா, பெரிய சத்தம் கேக்குது, சின்னது கேக்கல. காது டெஸ்ட் எடுத்துருங்க. சளி பிடிச்சிக்கிட்டே இருக்கான்லா?" ஒவ்வொரு சாரலுக்கும் பிடித்துக்கொண்டேதான் இருந்தது.

திருநெல்வேலியில் பரிசோதித்தார்கள். இரண்டு செவிப்பறைக்கும் பின்னால் பசைபோல நீர். தண்ணீருக்கடியில் முங்கிக்கொண்டு கேட்கிற மாதிரி அவன் எங்களைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். பெரும்பாலும் தானே வடிந்துவிடும், மூன்று மாதம் கழித்து வாருங்கள், அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து முகத்துக்கு நேராகப் பேசுங்கள் என்றார் காது மருத்துவர். "பேசுங்கள்" என்றபோது இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார். பேச்சு தள்ளிப்போனதற்கு நீர் மட்டும்தான் காரணம் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். 2013-லிருந்து நடக்கும் ஒன்றிய அரசின் குழந்தை நலப் பரிசோதனைத் திட்டத்தில் காது கேளாமையும் வளர்ச்சித் தாமதமும் பட்டியலிலேயே இருக்கின்றன, அங்கன்வாடி வழியாக, இலவசமாக. நானோ செயலிக்குச் சந்தா கட்டிக்கொண்டிருந்தேன்.

ஆக, என் கோபம் பட்டியல்மேல் இல்லை. பட்டியல் ஒரு சல்லடை. பிள்ளைக்கு எங்கே உதவி வேண்டும் என்று அரசும் மருத்துவமும் தெரிந்துகொள்ளச் செய்தது. அதைப் பிடுங்கி அம்மாவின் ரேங்க் கார்டு ஆக்கியது நாம். அந்தக் கார்டில் அப்பாவுக்குப் பாடமே கிடையாது. என் கணவர் டயப்பர் மாற்றினால் தெருவே மெச்சும். பதினெட்டு மாதத்தில் பிள்ளை எத்தனை சொல் பேசுகிறான் என்று அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை.

சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 26 வாரம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே போகலாம். மொத்தத்தையும் பின்னால் வைத்துக்கொண்டாலும் ஆறு மாதம். அப்போது பிள்ளை உட்காரத் தொடங்கியிருக்கும், அல்லது தொடங்கியிருக்காது. நிற்பது, நடப்பது, முதல் சொல் எல்லாமே விடுப்பு முடிந்த பிறகு. தனியார் வேலையில் அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்கிறது அதே சட்டம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எனக்குக் காப்பகம் கட்டிலுக்கும் மேசைக்கும் இடையில் உள்ள நாலடி. இதுவும் மாதச் சம்பளம் வாங்குகிற என் கதை. எங்கள் தெருவிலேயே முறத்தில் இலையும் தூளும் வைத்துப் பீடி சுற்றுகிற பெண்களுக்கு 26 வாரம் என்பது வேறு நாட்டுச் செய்தி. ஒரு கை பீடிக்கு, ஒரு கை முறத்தை நோக்கித் தவழ்கிற பிள்ளையைத் தடுக்க. அவர்களிடமும் இதே கேள்விதான் கேட்கப்படுகிறது: இன்னும் பேசலையா, நீ என்ன செஞ்ச?

"நம்மிடம் பிள்ளைத்தமிழ் இருக்கிறதே, செங்கீரை, சப்பாணி, வருகை என்று அழகாக வகுத்திருக்கிறார்களே" என்று இந்த இடத்தில் யாராவது வருவார்கள். இருக்கிறது. பாட்டியல் நூல்கள் அதற்கு மாதக்கணக்கும் சொல்கின்றன, அதுவும் நூலுக்கு நூல் வேறுபடும். குமரகுருபரரே மீனாட்சியம்மைக்குப் பாடியிருக்கிறார், எனக்குப் பிடித்த நூல். ஆனால் பாட்டுடைத் தலைவராக உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் தெய்வமோ அரசனோ. அந்தப் பிள்ளைக்குச் செங்கீரை ஆட நேரம் தப்பாது, சளி பிடிக்காது, துணி ஈரமாகவே கிடக்காது. என் மதினி பேறுகால வீட்டில் பாடட்டும். ஒப்பிட வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து ஒரு காது சுத்தமாகிவிட்டது, மற்றதும் கிட்டத்தட்ட. முதல் சொல் "தண்ணி". இரண்டாவது "வேணா". குமரகுருபரருக்கு அத்தை தேங்காய் உடைத்தார்.

செயலியை நான் அழிக்கவில்லை. அதில் என் நம்பரை எடுத்துவிட்டுக் கணவர் நம்பரைக் கொடுத்துவிட்டேன். போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு அவர் போனோடு எழுந்து உட்கார்ந்தார். "ஏய், இவன் பின்னாடி நடக்கானா?"

"தெரியல. காலைல பாத்துச் சொல்லுங்க" என்று திரும்பிப் படுத்தேன்.