கடனை முன்கூட்டி அடைப்பவனின் பாடு

தவணை தவறிய கடனாளிக்கு நோட்டீஸ் அனுப்பவும், அறுபது நாள் கெடு வைத்து அவன் வீட்டைக் கைப்பற்றவும் கடன் கொடுத்த ஸ்தாபனங்களுக்கு 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் போதிய அதிகாரங்களை வழங்கியிருக்கிறது. அவற்றின் நியாய அநியாயங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதப்பட்டவையும் ஏராளம். ஆனால், ஒரு தவணையும் தவறாமல் கட்டி, அதற்கும் மேலாகக் கையில் நாலு காசு சேர்ந்தவுடன் அதையும் கொண்டுபோய்க் கடனில் போட்டுச் சுமையைக் குறைத்துக்கொள்ள விரும்புகிற நல்ல கடனாளி அதே ஸ்தாபனங்களின் வாசலில் படுகிற பாட்டைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

இந்தச் சங்கடம் எல்லா ஊருக்கும் பொதுவானதுதான் என்றாலும், பாலக்காட்டின் கிழக்கோரத்துச் சித்தூர் தாலுகாவிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைத் தாலுகாக்களிலும் வாழ்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இது சற்று அதிகமாகவே உறைக்கிறது. மாதத் தவணை என்ற ஏற்பாடு ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தனை மனத்தில் வைத்து உண்டாக்கப்பட்டது. இங்கோ பணம் மாதந்தோறும் வருவதில்லை, பருவந்தோறும் வருகிறது. முதலமடையின் மாந்தோப்புக்காரனுக்குத் தை மாசியில் காய் இறங்கத் தொடங்கினால்தான் காசு. சித்தூர்ப் பக்கத்து நெல் விவசாயி, அரசின் கொள்முதல் நிறுவனமான சப்ளைகோவுக்கு நெல்லை அளந்து கொடுத்துவிட்டு அந்த நெல்லின் விலையையே தன் பெயரில் வங்கிக் கடனாகப் பெற்றுக்கொள்ளும் விசித்திரத்தையும் அனுபவித்தவன். (அது தனியே எழுதத் தக்க கதை.) 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்ட ஏலக்காய் 2022இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கிக் கிடந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், விலை கிடைத்த வருஷத்தில் கடனை இறக்கி வைத்துவிட வேண்டும் என்று ஏலத்தோட்டக்காரன் துடிப்பதன் காரணம் விளங்கும். பணி முடிந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டிய மூணாறு தேயிலைத் தொழிலாளி, போடியிலோ கம்பத்திலோ தென்காசியிலோ ஒரு சிறு வீட்டைக் கடனில் வாங்கிப் போட்டு, கிராஜுவிட்டி வந்தவுடன் அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறான். இவர்களுக்கெல்லாம் கூடுதலாகக் கட்டுவது ஆடம்பரமன்று. அவர்களுடைய வருமானம் வருகிற விதத்துக்கு ஏற்ற ஒரே வழி அதுதான்.

அப்படிக் கட்டுவதில் லாபம் எவ்வளவு என்பதைக் கணக்கே சொல்லும். இருபது லட்சம் ரூபாயை எட்டரை சதவீத வட்டியில் இருபது வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 17,356 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 14,167 ரூபாய் வட்டிக்கே போய்விட, அசலில் குறைவது மூவாயிரத்துச் சொச்சம் மாத்திரமே. ஒரு வருஷம் கட்டிய பிறகு ஒரு லட்ச ரூபாயை அசலில் நேராகச் செலுத்தி, மாதத் தவணையை மாற்றாமல் விட்டுவிட்டால், கடைசியில் ஏறத்தாழ இருபத்தாறு தவணைகள் கழிந்துபோகின்றன. அதாவது இன்று கொடுத்த ஒரு லட்சம், பிற்காலத்தில் கட்ட வேண்டிய நாலரை லட்சத்தைக் கரைத்துவிடுகிறது. ஆனால் இந்தப் பலன் முழுவதும், ‘அசலில் நேராகச் செலுத்தி’ என்று மேலே நான் எழுதிய மூன்று சொற்களைப் பொறுத்தது. அந்த ஒரு லட்சம் அசலில் சேராமல் முன்பணம் என்ற பெயரில் கணக்கின் ஓர் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தால், கடனாளிக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

நெடுங்கண்டத்துக்கு அருகில் எனக்குப் பழக்கமான ஏலத்தோட்டக்காரர் ஒருவருக்கு இதுதான் நேர்ந்தது. சீசன் முடிந்ததும் அவர் ஒரு லட்சத்தைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, ரசீதைப் பத்திரமாக ஆதாரத்தின் (சொத்துப் பத்திரத்தின்) நகலோடு வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறார். வருஷ முடிவில் கணக்குத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது அசல் எதிர்பார்த்தபடி குறையவில்லை. விசாரித்ததில், கவுண்டரில் இருந்த இளைஞர் மிகவும் மரியாதையாக, “அண்ணா, பைசா எங்கயும் போகலை, எல்லாம் அட்வான்ஸாத்தான் கெடக்கு, அஞ்சு மாசத் தவணை அதுலருந்துதான் எடுத்திருக்கு” என்று சொன்னாராம். அசலில் சேர்க்க வேண்டுமானால் அதற்கென்று தனியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமாம். எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பணத்தை வாங்கிக்கொண்ட நாளில் யாரும் சொல்லவில்லையாம். அந்த ஸ்தாபனத்தின் பெயர் இங்கே அவசியமில்லை. ஏனெனில் இந்த வழக்கம் அங்கு மாத்திரம் உள்ளதன்று.

கட்டணத்தைப் பற்றிய சட்டம் இப்போது கடனாளியின் பக்கம்தான் நிற்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுவது நியாயம். ஒரு காலத்தில், முன்கூட்டி அடைத்தால் பாக்கியில் இரண்டு சதவீதம் அபராதம் என்பது வீட்டுக் கடனில் சர்வசாதாரணமாக இருந்தது. இந்த அபராதம் போட்டியைத் தடுக்கிறது என்று வழக்கறிஞர் ஒருவர் பல வங்கிகளின் மீதும் வீட்டு நிதி நிறுவனங்களின் மீதும் இந்தியப் போட்டி ஆணையத்தில் முறையிட்டார். 2010 டிசம்பர் 2ஆம் தேதி ஆணையத்தின் பெரும்பான்மையோர் அதில் சட்ட மீறல் இல்லை என்று தீர்மானிக்க, சிறுபான்மையோர் மாறுபட்டு எழுதினார்கள். வழக்கில் தோற்ற வாதம் வெளியே வென்றது எனலாம்: வாடிக்கையாளர் சேவையைப் பற்றி ஆராய்ந்த தாமோதரன் கமிட்டி 2011இல் இந்த அபராதத்துக்கு எதிராக எழுதியது, வட்டி மாறுகிற வீட்டுக் கடன்களில் தனிநபர்களிடம் வங்கிகள் இதை வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூன் 5ஆம் தேதி கட்டளையிட்டது, வீட்டு நிதி நிறுவனங்களுக்குத் தேசிய வீட்டுவசதி வங்கி அதற்கு முன்பே அவ்வாறு உத்தரவிட்டிருந்தது. 2025 ஜூலை 2ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட புதிய நெறிமுறை, 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு இன்னும் திட்டமாகப் பேசுகிறது: பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது, இத்தனை மாதம் கழித்துத்தான் கட்டலாம் என்று பூட்டும் போடக் கூடாது. பணம் கே.எஸ்.எஃப்.இ. சிட்டி பிடித்ததாக இருந்தாலும் சரி, மைத்துனர் துபாயிலிருந்து அனுப்பியதாக இருந்தாலும் சரி, கடன் கொடுத்தவருக்கு அதைப் பற்றி அக்கறை வேண்டியதில்லை.

நிலையான வட்டிக் கடன்களுக்கு இந்த விலக்கு இல்லை. அதில் கடன் கொடுத்தவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. பதினைந்து வருஷத்துக்கு ஒரே வட்டி என்று வாக்குக் கொடுத்தவர், அந்த வாக்கை நம்பித் தாமும் பிறரிடம் பணம் திரட்டியிருப்பார். நம் ஊர்களில் நான் காண்கிற கஷ்டம் வேறு. தம்முடைய கடன் எந்த வகை என்பதே பாதிப்பேருக்குத் தெரியாது. முதல் இரண்டு மூன்று வருஷம் நிலையான வட்டியாக இருந்து, பிறகு மாறும் வட்டியாக ஆகிவிடுகிற கலப்புக் கடன்களில், முன்கூட்டிக் கட்டுகிற நாளில் அது எந்த நிலையில் இருக்கிறதோ அதுவே கணக்கு என்று புதிய நெறிமுறை சொல்கிறது. அப்படியானால் ஒரு மாதம் பொறுத்துக் கட்டியிருந்தால் அபராதமே இல்லை என்கிற நிலைமைகூட ஏற்படலாம். அதைக் கடனாளிக்கு யார் எடுத்துச் சொல்வது?

ஒரு வாசலை அடைத்தால் இன்னொரு வாசல் திறந்துகொள்ளும் என்பதற்கு மற்றக் கட்டணங்களே சாட்சி. 2025 பிப்ரவரியில் தொடங்கி அந்த வருஷத்துக்குள்ளேயே ரிசர்வ் வங்கி தன் ரெப்போ விகிதத்தை ஆறரையிலிருந்து ஐந்தேகாலுக்கு இறக்கியது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகளில் வாங்கிய மாறும் வட்டிக் கடன்கள் வெளி அளவுகோலோடு பிணைக்கப்பட்டவையாதலால் அவற்றின் வட்டி தானாகவே குறைந்தது. வீட்டு நிதி நிறுவனங்களின் பழைய வாடிக்கையாளர்களோ, புதியவர்களுக்குக் கொடுக்கும் வட்டி தங்களுக்கும் வேண்டுமானால் ‘மாற்றுக் கட்டணம்’ கட்டி, அதன்மேல் பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி.யும் கட்டும்படி ஆகிறது. அமெரிக்காவிலும் இதே ரீதிதான். 2010இல் இயற்றப்பட்ட டாட்–ஃபிராங்க் சட்டம் வீட்டுக் கடன்களில் முன்செலுத்தல் அபராதத்தை இறுக்கிப் பிடித்தபின், கூடுதல் தவணையைக் கட்டிக் கொடுப்பதற்கென்றே கட்டணம் வாங்கும் இடைத்தரகு நிறுவனங்களின் வியாபாரம் பேச்சுக்கு வந்தது. அவற்றில் ஒன்றின் மீது அங்குள்ள நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2015இல் வழக்குத் தொடர, 2017இல் நீதிமன்றம் எழுபத்தொன்பது லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

கடன் முழுவதும் தீர்ந்த பிறகாவது விடுதலை உண்டா என்றால், ஆதாரம் கைக்கு வரும்வரை இல்லை. இடுக்கியில் பட்டயம் பெறுவதற்கே ஒரு தலைமுறை அலைந்த குடும்பங்கள் உண்டு. அந்தப் பட்டயத்தையும் ஆதாரத்தையும் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு, அந்தக் காகிதங்கள் நெடுங்கண்டம் கிளையில் இல்லை, எங்கோ ஒரு நகரத்துக் கிடங்கில் இருக்கின்றன என்று தெரிய வரும்போது உண்டாகிற கலக்கம் கொஞ்சமன்று. கடன் கொடுத்த வங்கியே மாறியிருப்பதும் உண்டு: ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவிதாங்கூர் 2017 ஏப்ரல் முதல் தேதி பாரத ஸ்டேட் வங்கியில் கரைந்தது, மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் 2019 நவம்பரில் கேரள வங்கியாயின. கூட்டுறவு வங்கியில் ககான் என்ற அடமான உறுதிமொழியை எழுதிக் கொடுத்தவர், பாக்கி தீர்ந்ததும் அது சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுவிக்கப்பட்டதா என்று போய்ப் பார்த்தாக வேண்டும். கம்பத்தில் வீடு வாங்கியவர் வில்லங்கச் சான்றில் அடமானப் பதிவு நீங்கியதா என்று எல்லை தாண்டிப் போய்ப் பார்த்தாக வேண்டும். பாக்கி முழுவதும் தீர்ந்த முப்பது நாளுக்குள் தஸ்தாவேஜுகளைத் திருப்பிக் கொடுத்து, எந்தப் பதிவேட்டில் பாத்தியதை எழுதப்பட்டிருந்தாலும் அதை நீக்கிவிட வேண்டும், தம் காரணத்தால் தாமதித்தால் நாளொன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் ஈடு கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் சொன்னது. 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து அது அமலில் இருக்கிறது. இந்த ஐயாயிரத்தைக் கேட்டு வாங்கிய ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. அப்படி ஒரு விதி இருப்பதை அறிந்தவர்களைச் சந்திப்பதே அபூர்வமாக இருக்கிறது.

அறியாமைக்குக் காரணம் சிரத்தைக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் கோப்பைத் திறந்து பார்த்தால் உண்மை வேறாகத் தெரியும். தேவிகுளத்திலும் எருத்தேம்பதியிலும் கையெழுத்தான கடன் பத்திரங்களில் நான் பார்த்தவையெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. கூடவே இணைத்த உறுதிமொழிகள் சில மலையாளத்தில் இருந்தன. நாற்பது பக்கத்திலும் தமிழில் இருந்தது கடனாளியின் கையெழுத்து மாத்திரமே. ரிசர்வ் வங்கியின் 2024 ஏப்ரல் 15ஆம் தேதிச் சுற்றறிக்கையின்படி, அந்த வருஷம் அக்டோபர் முதல் தேதியிலிருந்து கொடுக்கப்படும் ஒவ்வொரு சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவரங்கள் அடங்கிய ஓர் அறிக்கையைக் கடனாளிக்குப் புரிகிற மொழியில் கொடுத்து, அதன் பொருளையும் விளக்கியாக வேண்டும். அதில் குறிக்கப்படாத கட்டணம் எதையும் கடனாளியின் வெளிப்படையான சம்மதமின்றிப் பிறகு வசூலிக்க முடியாது. ‘புரிகிற மொழி’ என்பது மூணாற்றிலும் கொழிஞ்சாம்பாறையிலும் வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தமிழ் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க நியாயமில்லை. தமிழ்நாட்டில் ஏராளமான கிளைகள் வைத்திருக்கிற அதே வங்கிகள், ஏற்கெனவே அச்சிட்டு வைத்திருக்கிற தமிழ்த் தாளைப் போடிமெட்டுக்கு மேலேயும் வாளையாற்றுக்கு மேற்கேயும் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம் அலட்சியத்தைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

முறையிட இடமில்லாமல் இல்லை. வங்கியானால், எழுத்து மூலம் புகார் கொடுத்து முப்பது நாளில் திருப்தியான பதில் வராவிட்டால், 2021 நவம்பரில் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் செலவின்றி முறையிடலாம். வீட்டு நிதி நிறுவனங்கள் அந்தத் திட்டத்துக்குள் சேர்க்கப்படவில்லை; அவற்றுக்குத் தேசிய வீட்டுவசதி வங்கியிடம் போக வேண்டும். ஆனால் எந்தக் கதவை எப்போது தட்டுவது என்று கண்டுபிடிக்கும் வேலையையும் கடனாளியின் தலையிலேயே கட்டுவது எனக்கு உடன்பாடன்று. தவணை ஒரு நாள் தாமதித்தால் அதைத் தானாகவே கண்டுபிடித்துச் செய்தி அனுப்புகிற கணினி, தவணைக்கு மேல் வந்த பணத்தையும் தானாகவே அசலில் சேர்த்து, மாதங்களைக் குறைத்து, புதிய முடிவுத் தேதியை அதே செய்தியில் அனுப்ப முடியும். மாறாக, முன்பணமாக வைக்க வேண்டும் என்றோ மாதத் தவணையைக் குறைக்க வேண்டும் என்றோ விரும்புகிறவர் வேண்டுமானால் எழுதிக் கொடுக்கட்டும். ரிசர்வ் வங்கி இதை விதியாக்க வேண்டும். அதுவரை, பாலக்காட்டிலும் பைனாவிலும் கூடுகிற மாவட்ட வங்கியாளர் ஆலோசனைக் கூட்டங்களில் ஒரு தீர்மானம் செய்து, பணம் வாங்குகிற கவுண்டரிலேயே ஒரு பக்கத் தமிழ்ப் படிவத்தை வைத்து, அதன் முதல் வரியாக, ‘இந்தத் தொகையை இன்றைய தேதியிலேயே அசலில் வரவு வைக்கவும்’ என்று அச்சிட்டு, கையெழுத்திட்ட நகல் ஒன்றைக் கட்டுகிறவர் கையிலேயே கொடுத்து அனுப்பலாம்.